கடைசல் இயந்திரத்திலிருந்து வகுப்பறைக்கு: வரலாற்றறிஞர் டேவிட் மான்ட்கோமரி

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொழிலாளர் வரலாற்றைக் கற்பித்த பேராசிரியர்கள் பலர் உண்டு. ஆனால், 1950-களின் பெரும்பகுதியைத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் கழித்துவிட்டு, அதன் பின்னர் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் முதன்மையானவர் டேவிட் மான்ட்கோமரி. தாமாக விரும்பி ஆலையை விட்டு அவர் வெளியேறவில்லை. கம்யூனிஸ்ட் என்பதால் ஆலை வாயில்கள் ஒவ்வொன்றாக அவருக்கு அடைக்கப்பட்டன. எஞ்சியிருந்த வாயில் பல்கலைக்கழகத்தினுடையது. முதலாளிகளின் கறுப்புப் பட்டியல் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றுக்கு ஒரு பேராசிரியரை வழங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

1927 டிசம்பர் 1 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகிலுள்ள பிரின் மார் என்னும் ஊரில் அவர் பிறந்தார். இளமையில் இராணுவத்தின் பொறியியல் பிரிவில் பணியாற்றினார். அந்தப் பணி அவரை, அணுகுண்டு உருவாக்கப்பட்ட லாஸ் அலமோசுக்கும் கொண்டு சென்றது. பின்னர் ஸ்வார்த்மோர் கல்லூரியில் பயின்று 1950-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற ஒருவருக்கு நல்ல உத்தியோகங்கள் காத்திருந்த காலம் அது. மான்ட்கோமரியோ நியூயார்க்கில் ஒரு பட்டறையில் மெஷினிஸ்ட் வேலைக்குச் சென்றார். கம்யூனிஸ்ட் கட்சியிலும் இணைந்தார்.

அவர் ஆலைக்குள் நுழைந்த காலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1947-இல் நிறைவேற்றப்பட்ட டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், தாங்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல என்று தொழிற்சங்க நிர்வாகிகள் உறுதிமொழிப் பத்திரம் எழுதித்தர வேண்டும் என்றது. 1949, 1950 ஆண்டுகளில் தொழில்துறைச் சங்கங்களின் கூட்டமைப்பான சி.ஐ.ஓ., இடதுசாரிகள் தலைமையிலான பதினொரு சங்கங்களை வெளியேற்றியது. அவற்றுள் பெரியது, யூ.ஈ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மின்சாரத் தொழிலாளர் சங்கம். முப்பதுகளில் கார் ஆலைகளையும் எஃகு ஆலைகளையும் சங்கமயமாக்கப் பாடுபட்ட தோழர்களே, தாங்கள் கட்டிய சங்கங்களிலிருந்து துரத்தப்பட்டார்கள். மான்ட்கோமரி சேர்ந்தது வெளியேற்றப்பட்ட அந்த யூ.ஈ. சங்கத்தில்தான். பிறகு மின்னசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதிக்குச் சென்றார். மெஷினிஸ்டுகள் சங்கம், டீம்ஸ்டர்ஸ் சங்கம் ஆகியவற்றிலும் உறுப்பினராகச் செயல்பட்டார். எங்கு சென்றாலும் உளவுத்துறையின் கண் அவரைத் தொடர்ந்தது. திறமையான கைவினைஞர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் ஒரு கட்டத்துக்குமேல் அவருக்கு வேலை கொடுக்க எவரும் முன்வரவில்லை. அப்போதுதான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலச் சேர்ந்தார். 1962-இல் முனைவர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

அக்காலத்தில் அமெரிக்கத் தொழிலாளர் வரலாறு என்பது பெரும்பாலும் சங்கங்களின் வரலாறாகவே இருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் காமன்சும் அவருடைய மாணவர்களும் அந்த மரபை உருவாக்கினர். மாநாடுகள், தீர்மானங்கள், ஒப்பந்தங்கள், தலைவர்களின் பிணக்குகள் என அது விரியும். அம்மரபைச் சேர்ந்த செலிக் பெர்ல்மன் 1928-இல் ஒரு கோட்பாட்டையே வகுத்தார்: தொழிலாளி இயல்பாகக் கவலைப்படுவது தன் வேலையையும் கூலியையும் பற்றித்தான், சமூக மாற்றம் என்பது வெளியிலிருந்து வரும் அறிவுஜீவிகள் அவன் தலையில் ஏற்றும் சரக்கு என்பது அதன் சாரம். ஆளும் வர்க்கத்துக்கு இதைவிட இனிப்பான கோட்பாடு வேறென்ன இருக்க முடியும்?

இக்கோட்பாட்டைப் படித்த மான்ட்கோமரிக்கு அது தாம் கண்ட ஆலையின் சித்திரமாகத் தோன்றவில்லை. பட்டறையில் நாள்தோறும் நடக்கும் தகராறுகளில் பாதி, கூலியைப் பற்றியவையே அல்ல. எவ்வளவு வேகத்தில் இயந்திரத்தை ஓட்டுவது, புதிதாக வந்த ஆளுக்கு யார் வேலை கற்றுக்கொடுப்பது, ஃபோர்மேன் எந்த அளவுக்குக் குறுக்கிடலாம், எத்தனை உருப்படி முடித்தால் அன்றைய நாள் முடிந்ததாகக் கொள்வது ஆகியவற்றைப் பற்றியவை அவை. அவற்றைத் தீர்மானிப்பதில் தொழிலாளர்களுக்குள் எழுதப்படாத சட்டம் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டத்தின் வரலாற்றை எழுதுவதே அவருடைய ஆய்வு வாழ்வின் மையப் பணியாயிற்று.

அதற்கு முன் வந்தது அவருடைய முதல் நூலான ‘சமத்துவத்துக்கு அப்பால்’. 1967-இல் வெளிவந்த இந்நூல் 1862 முதல் 1872 வரையிலான பத்தாண்டுகளைப் பற்றியது. உள்நாட்டுப் போரில் அடிமை முறையை ஒழித்த தீவிரக் குடியரசுக் கட்சியினர், கறுப்பின மக்களுக்குச் சட்டத்தின் முன் சமத்துவம் வேண்டும் என்று போராடினர். அது மகத்தான புரட்சிகரப் பணி. ஆனால் அதே காலத்தில் வடபகுதித் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலைநாளைக் கேட்டபோது என்ன நடந்தது? 1866-இல் பால்டிமோர் நகரில் தேசியத் தொழிலாளர் சங்கம் கூடி அக்கோரிக்கையை முன்வைத்தது. மார்க்ஸ் தம் ‘மூலதனம்’ நூலில் அந்த மாநாட்டைக் குறிப்பிட்டு வரவேற்றிருப்பதைத் தோழர்கள் அறிவர். 1867-இல் இல்லினாய் மாநிலம் எட்டு மணி நேரச் சட்டத்தை இயற்றியது. மே முதல் நாள் அது நடைமுறைக்கு வரவேண்டும். சிகாகோ முதலாளிகள் அதை மதிக்க மறுத்தனர். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், அப்போராட்டம் முறியடிக்கப்பட்டது. அடிமையை விடுதலை செய்யத் துணிந்த அரசியல்வாதிகள், கூலித் தொழிலாளியின் வேலை நேரத்தைச் சட்டத்தால் வரையறுப்பது ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு முரணானது என்று பின்வாங்கினர். சட்டத்தின் முன் சமத்துவம் என்னும் முழக்கம் தொழிற்சாலை வாயிலில் வந்து நின்றுவிட்டது என்பதே மான்ட்கோமரியின் முடிவு. அந்த அணி உடைந்ததற்கு வர்க்க முரண்பாடே ஆழமான காரணம் என்று ஆவணங்களைக் கொண்டு அவர் நிறுவினார்.

இந்நூல் வெளிவந்த கையோடு இரண்டாண்டுகள் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில், ஈ.பி. தாம்சனுடன் இணைந்து சமூக வரலாற்று ஆய்வு மையத்தை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கத்தைப் பற்றித் தாம்சன் எழுதிய நூலின் தாக்கம் உலகெங்கும் பரவிவந்த நேரம் அது. ஹெர்பர்ட் கட்மன், டேவிட் பிராடி, மான்ட்கோமரி ஆகிய மூவரையும் அமெரிக்காவின் ‘புதிய தொழிலாளர் வரலாறு’ என்னும் போக்கின் முன்னோடிகள் என்று கூறுவது வழக்கம். கட்மன் தொழிலாளரின் பண்பாட்டில், குடும்பத்தில், ஊர்ச் சமூகத்தில் கவனம் செலுத்தினார். மான்ட்கோமரியின் பார்வை இயந்திரத்தின் அருகிலேயே நிலைகொண்டிருந்தது.

1979-இல் ‘அமெரிக்காவில் தொழிலாளர் கட்டுப்பாடு’ என்னும் கட்டுரைத் தொகுப்பு வெளிவந்தது. தொழிற்சங்க ஊழியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் அதில் உள்ளன. ஓர் எடுத்துக்காட்டு. ஒகையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் 1870-களில் இயங்கிய ஓர் இரும்பு உருட்டாலையின் சங்கக் குறிப்பேட்டை அவர் ஆராய்ந்தார். அங்கு நிர்வாகம் சங்கத்துடன் பேசி முடிவு செய்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: உருட்டி முடிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் மொத்தமாக எவ்வளவு கூலி. அதன் பிறகு நடப்பவை அனைத்தும் தொழிலாளர் கையில். அத்தொகையில் யாருக்கு எவ்வளவு பங்கு, ஒரு நாளில் எத்தனை சுற்று உருட்டுவது, புதிய ஆளாக யாரைச் சேர்ப்பது, யாருக்குப் பதவி உயர்வு என்பவற்றைத் தொழிலாளர்களே கூட்டம் கூடித் தீர்மானித்தனர். பழுக்கக் காய்ந்த இரும்பின் அருகில் நிற்பவர்களுக்குக் கோடைக்காலத்தில் என்ன சலுகை அளிப்பது என்பதுகூட அக்கூட்டத்தின் பொருளாக இருந்தது. மூலப்பொருளை வாங்கிப் போடுவதும் சரக்கை விற்பதும் முதலாளியின் வேலை. உற்பத்தியை நடத்துவது அவருடைய வேலையாக இருக்கவில்லை. அந்த அறிவு அவரிடம் இல்லை. தொழிலாளரின் கையிலும் தலையிலும் இருந்தது.

இந்த அதிகாரம் மூன்று தூண்களின் மீது நின்றதாக மான்ட்கோமரி விளக்குகிறார். முதலாவது, கைவினைஞரின் அறிவும் அதனால் அவருக்குக் கிடைத்த தன்னாட்சியும். இரண்டாவது, அந்தப் பழக்கவழக்கங்களைச் சங்கத்தின் விதிகளாக எழுதி வைத்தது. மூன்றாவது, ஒரு தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு ஆதரவாக வேறு தொழிலைச் சேர்ந்தவர்கள் வேலைநிறுத்தம் செய்தது. இம்மூன்றுக்கும் அடியில் ஓர் ஒழுக்க நெறி இருந்தது. ஒரு நாளுக்கு நியாயமான வேலை இவ்வளவு என்று தொழிலாளர்கள் தமக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டனர். அதற்குமேல் செய்து முதலாளியிடம் நல்ல பெயர் வாங்குபவனைச் சக தொழிலாளர்கள் பன்றி என்று ஏசினர். முதலாளி அருகில் நின்று வேடிக்கை பார்த்தால், அவர் நகரும்வரை கருவியைத் தொடாமல் நிற்பது கௌரவமாகக் கருதப்பட்டது. ஒருவருக்கு ஒரே இயந்திரம், பீஸ் ரேட்டுக்கு வேலை செய்வதில்லை என்பன மெஷினிஸ்டுகளின் உறுதிமொழிகள். சோம்பல் என்று நிர்வாகிகள் பெயரிட்டதற்குத் தொழிலாளர் அகராதியில் ஒற்றுமை என்று பெயர்.

ஃபிரடெரிக் டெய்லர் போரிட்டது இந்த ஒற்றுமைக்கு எதிராகத்தான். அவருடைய ‘அறிவியல் நிர்வாகம்’ பொறியியல் சீர்திருத்தமாக இன்றும் நிர்வாகவியல் வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் ஃபோர்மேனாக இருந்தபோது, தொழிலாளர்கள் வேண்டுமென்றே குறைவாக உற்பத்தி செய்கிறார்கள் என்பதை டெய்லர் கண்டார். ஒரு வேலையைச் செய்யும் முறையையும் அதற்கான நேரத்தையும் தொழிலாளரின் தலையிலிருந்து எடுத்து, நிர்வாகத்தின் திட்டமிடும் அறைக்கு மாற்றிவிட்டால் இந்தக் கட்டுப்பாடு தகரும் என்பது அவருடைய கணக்கு. ஸ்டாப் வாட்ச் அதற்கான கருவி. 1911 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் இராணுவத் தளவாட ஆலையில், வார்ப்படப் பகுதியில் ஸ்டாப் வாட்சோடு ஒருவர் வந்து நின்றார். தம் வேலையை அளக்க உடன்படாத ஒரு மோல்டர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். மற்ற மோல்டர்கள் வெளியேறினர். போராட்டம் ஒரு வாரமே நீடித்தது. ஆனால் அதன் விளைவாக நாடாளுமன்றக் குழு ஒன்று டெய்லரையே கூண்டில் நிறுத்துவதுபோல் விசாரித்தது. 1915-இல் இராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில், அரசு ஆலைகளில் ஸ்டாப் வாட்சைக் கொண்டு தொழிலாளரை அளக்கத் தடை சேர்க்கப்பட்டது. அங்குப் போராடியவர்கள் கூலி உயர்வு கேட்கவில்லை. தங்கள் உழைப்பை யார் அளப்பது என்று கேட்டார்கள்.

நம் நாட்டில் இன்று கிடங்குகளில் பொருள் எடுத்துத் தரும் தொழிலாளியின் கையிலுள்ள ஸ்கேனரும், உணவு விநியோகிக்கும் தொழிலாளியின் செல்பேசியும் அதே ஸ்டாப் வாட்ச்தான். தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இன்னொரு படி மேலே சென்று, ஐம்பது விழுக்காட்டினரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுப்பதையே வேலைநிறுத்தம் என்று வரையறுக்கிறது. பணித்தளத்தில் தொழிலாளருக்குள் நிலவும் எழுதப்படாத உடன்பாட்டைக் கண்டு மூலதனம் எவ்வளவு அஞ்சுகிறது என்பதற்கு இது சான்று.

1979-இல் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற மான்ட்கோமரி, 1987-இல் தம் பெருநூலான ‘தொழிலாளர் மாளிகையின் வீழ்ச்சி’யை வெளியிட்டார். 1865 முதல் 1925 வரையிலான அறுபதாண்டுகளின் வரலாறு அது. புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. கைவினைஞர், கூலியாட்கள், இயந்திர இயக்குநர் என மூன்று வகைத் தொழிலாளரின் வாழ்வையும் அது தனித்தனியே விவரிக்கிறது. 1919-இல் மட்டும் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சியாட்டில் நகரம் பொது வேலைநிறுத்தத்தால் ஸ்தம்பித்தது. எஃகுத் தொழிலாளர்கள் எழுந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அந்த எழுச்சி நொறுக்கப்பட்டது. நூல் வெளிவந்தபோது வாசகர்களின் நினைவில் மற்றொரு வீழ்ச்சி பசுமையாக இருந்தது. 1981 ஆகஸ்டில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ரீகன் ஒரே ஆணையில் வேலைநீக்கம் செய்திருந்தார்.

இந்நூலில் கட்சித் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய கருத்து ஒன்று உண்டு. அது ‘போர்க்குணமிக்க சிறுபான்மையினர்’ பற்றியது. அடிமட்டத்திலிருந்து வரலாறு எழுதுவோம் என்று புறப்பட்ட பலர், தலைவர்களைப் பற்றிய புகழுரைகளை ஒதுக்கியதோடு, இயக்கத்தைக் கட்டியவர்களையும் சேர்த்தே மறந்துவிட்டனர். ஒரே பட்டறையில் வேலை செய்வதாலேயே மனிதர்கள் தாமாக வர்க்கமாகிவிடுவதில்லை. மொழியாலும் மதத்தாலும் நிறத்தாலும் சிதறிக் கிடந்தவர்களிடம் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்து, வீடு வீடாகச் சென்று பேசி, சந்தா வசூலித்து, வேலை இழந்தாலும் அடுத்த ஊரில் மீண்டும் தொடங்கியவர்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் வர்க்க உணர்வு உருவாகியிருக்காது என்று மான்ட்கோமரி உறுதியாக வாதிட்டார். தன்னெழுச்சியை வழிபடுவோருக்கும், தலைமையை மட்டும் காண்போருக்கும் இது ஒருசேர விடையாகும். ஐம்பதுகளில் அவரே அத்தகைய ஊழியராக இருந்தவர் என்பதால், அப்பக்கங்களில் ஏட்டறிவைக் காட்டிலும் அனுபவத்தின் சூடு அதிகம்.

அவருடைய எழுத்துக்கு எதிராக எழுந்த விமர்சனங்களையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் வியந்து விவரித்த கைவினைஞர்களின் நெறி, ஆண்மை என்னும் சொல்லைச் சுற்றியே கட்டப்பட்டது; பெண் தொழிலாளர் அதில் எங்கே என்று பெண்ணிய வரலாற்றாளர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி. திறன் பெற்ற தொழிலாளரின் சங்கங்களில் பல கறுப்பினத்தவரையும் சீனர்களையும் வாயிலிலேயே தடுத்தன. மெஷினிஸ்டுகள் சங்கம் 1948 வரை நிறத்தடையை அதிகாரபூர்வமாகக் கைவிடவில்லை. பிற்காலத்தில் மான்ட்கோமரியும் அச்சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். இந்தக் களங்கத்தை அவர் அறியாதவரல்லர். இருப்பினும், பட்டறைக்குள் நிலவிய ஒற்றுமையின் அழகில் அவர் ஆழ்ந்த அளவுக்கு, அந்த ஒற்றுமை எவரையெல்லாம் வெளியே நிறுத்தியது என்பதில் தொடக்கக் கட்டுரைகள் ஆழவில்லை என்பது உண்மையே. சாதியின் பெயரால் பிளவுண்ட ஆலைகளை அறிந்த இந்தியத் தோழர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் அவர் கட்சியிலிருந்து விலகினார். அக்காலத்தில் விலகிய பலர், பழைய தோழர்களைக் காட்டிக்கொடுத்தும் மனந்திரும்பியதாக நூல் எழுதியும் வாழ்வில் உயர்ந்தனர். மான்ட்கோமரி அவ்வழியில் செல்லவில்லை. மார்க்சியப் பார்வையையும் அவர் கைவிடவில்லை.

அதற்கான உரைகல் யேலிலேயே வந்தது. 1984 செப்டம்பரில் அப்பல்கலைக்கழகத்தின் எழுத்தர்களும் தொழில்நுட்ப ஊழியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஏறத்தாழ 2,600 பேர், பெரும்பாலோர் பெண்கள். பெண்கள் செய்யும் வேலை என்பதற்காகவே அதன் மதிப்பு குறைத்துக் கணக்கிடப்படுகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. சமையற்கூடத்திலும் பராமரிப்பிலும் பணிபுரிந்த மற்றொரு சங்கத்தின் தொழிலாளர்கள், தங்களுக்குத் தனி ஒப்பந்தம் இருந்தும், மறியல் வரிசையைத் தாண்ட மறுத்து வெளியே நின்றனர். பத்து வாரங்கள் நீடித்த அப்போராட்டத்தில் மான்ட்கோமரி ஊழியர்களின் பக்கம் வெளிப்படையாக நின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களில் அவர் தேடிக் கண்ட ஆதரவு வேலைநிறுத்தம், அவர் பாடம் நடத்தும் கட்டடத்தின் வாயிலிலேயே நடந்தது. அடுத்த ஜனவரியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. தொண்ணூறுகளில் யேலின் ஆய்வு மாணவர்கள் தாங்களும் தொழிலாளர்களே என்று சங்கம் அமைத்தபோது, அவர்களுடைய ஆசிரியர்களில் பலர் எதிர்த்தனர். அவர் ஆதரித்தார்.

அவரிடம் பயின்றோர் பலர் பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொழிலாளர் வரலாற்றைக் கற்பித்தனர். உலகத் தொழிலாளர் வரலாற்றுக்கான ஆய்விதழ் ஒன்றையும் அவர் பல்லாண்டு தொகுத்து நடத்தினார். 1999-2000 ஆண்டுக்கு அமெரிக்க வரலாற்றாளர் அமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆண்டு மாநாடு செயின்ட் லூயிஸ் நகரின் ஓர் ஓட்டலில் நடக்க ஏற்பாடாகியிருந்தது. அந்த ஓட்டல் குழுமம் கறுப்பின விருந்தினரிடம் பாகுபாடு காட்டியதாக அரசே வழக்குத் தொடுத்த செய்தி, மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன் வெளிவந்தது. ஒப்பந்தத்தை மீறினால் அமைப்புக்குப் பெரும் பண இழப்பு நேரும். மான்ட்கோமரியின் தலைமை மாநாட்டு அமர்வுகளை அந்த ஓட்டலிலிருந்து அகற்றி, அதே நகரின் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாற்றியது. வரலாற்றாளர் மாநாடு என்றால் கட்டுரை வாசித்துக் கலைவது என்று பழகியிருந்தவர்களுக்கு அது புதிய அனுபவம்.

2004-இல், ஹோரஸ் ஹன்ட்லியுடன் இணைந்து அவர் தொகுத்த நூல் ஒன்று வெளிவந்தது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள கறுப்பினத் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாறு அது. எஃகு ஆலைகளில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பணிமூப்புப் பட்டியல்கள் இருந்த காலம். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் கறுப்பினத் தொழிலாளி கடினமான கூலி வேலையைத் தாண்டி உயர முடியாத காலம். அந்தத் தடைகளைச் சங்கத்துக்குள்ளும் நிர்வாகத்திடமும் எதிர்த்துப் போராடியவர்கள் அந்நூலில் தங்கள் சொற்களிலேயே பேசுகிறார்கள். பேராசிரியர்கள் இருவரும் முன்னும் பின்னும் சிறிது விளக்கமளித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

2011 டிசம்பர் 2 அன்று, எண்பத்து நான்காவது பிறந்தநாளுக்கு மறுநாள், டேவிட் மான்ட்கோமரி காலமானார்.